தே தாரிக் ஒண்ணு, குராங் மானிஸ்

"அண்ணே, நம்ம பாட்டியெல்லாம் காசு கட்டியா உடம்பக் குறைச்சாங்க?"

போன வாரம் எங்கள் கேமரன் மலையில், ரிங்லெட்டில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகள் என் வயிற்றைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். விளக்கமும் அவளே தந்தாள். பாட்டி தேயிலைத் தோட்டத்தில் இருந்தாளாம், டயட் என்றால் என்னவென்றே தெரியாதாம், பவுடர் கலக்கிக் குடித்ததில்லையாம், கடைசிவரை ஒல்லியாகவே இருந்தாளாம். ஆகவே நாமும் பாட்டி வாழ்ந்தபடி வாழ்ந்தால் போதுமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கிக் குடித்து, தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு, மலையை விட்டு இறங்கிவிட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இறங்குகிறது, பொய் சொல்லக்கூடாது. நிம்மதியாக இறங்கவில்லை.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எவனுக்கும் பணம் கட்டாமல், எந்த டப்பாவும் வாங்காமல் உடம்பைக் குறைக்க என்னிடமே ஒரு முறை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டப்பா சமாசாரம் உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டு அலமாரி மேல்தட்டிலும் பாதி தீர்ந்த வெனிலா பவுடர் டப்பா ஒன்று இருக்கத்தான் செய்யும். கூடவே கொடுத்த மூடி போட்ட குவளையில் இப்போது கடுகு இருக்கும். விற்றவர் சொந்தக்காரர் என்பதால் திட்டவும் முடியாது. இதெல்லாம் வியாபாரமாவதற்கு முன்னால் இலவசமாகத்தான் கிடைத்திருக்கிறது. 1863-ல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர், ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கை எல்லாம் விட்டுத் தான் மெலிந்த கதையைச் சிறு புத்தகமாக அச்சடித்து முதலில் சும்மாவே கொடுத்தார். அவர் செய்த தொழில் சவ அடக்கம். ஊராரின் ஆயுளைக் கூட்ட நினைத்த சவப்பெட்டிக்காரரை அந்தத் தொழில் எப்படித்தான் பொறுத்துக்கொண்டதோ! சரியாக நூறு வருஷம் கழித்து, 1963-ல், நியூயார்க்கில் ஜீன் நைடெச் என்ற குடும்பப் பெண் 'வெயிட் வாட்சர்ஸ்' தொடங்கினார். 1978-ல் அதை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஹைன்ஸ். ஆமாம், தக்காளி சாஸ் விற்கிற அதே ஹைன்ஸ். வயிறு வந்தாலும் லாபம், போனாலும் லாபம்.

போகட்டும். நாம் பணம் கட்டாத கட்சி. நம் கட்சிக்கு ஒரே ஒரு கொள்கைதான். அது குராங் மானிஸ், அதாவது இனிப்பு கம்மி.

காலையில் கடைக்குள் நுழைகிறவர்களைப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே குரல் வரும்: "தம்பி, தே தாரிக் ஒண்ணு, குராங் மானிஸ்!" தம்பி பக்கத்தில்தான் நிற்கிறான். அவனுக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை. சத்தம் மற்ற மேசைகளுக்கு. நான் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்பதை ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. இனி என்ன வேண்டுமானாலும் வரலாம். ரெண்டு ரொட்டி சானாய் வரும். பருப்புக் குழம்பு போதாதென்று சம்பல் வரும், மீன் கறி வரும். கூச்சமே இல்லாதவருக்குக் கூம்பாக நிற்கிற ரொட்டி தீசு வரும், மேலே சீனி தூவி, டின் பால் ஊற்றி. அதையும் தின்றுவிட்டு, கடைசி வாய்க்கு அந்த குராங் மானிஸைக் குடித்துவிட்டு, "இப்பல்லாம் இனிப்பே சேர்க்கிறதில்ல" என்பார்.

இதில் பல ரகம் உண்டு. முதல் மடக்கிலேயே முகம் சுளித்து, "என்ன தம்பி, வெறும் தண்ணியா இருக்கு, கொஞ்சம் பால் விடு" என்பவர் ஒரு ரகம். தம்பி விடுவான். விட்ட பிறகு அது சாதாரணத் தே தாரிக்கைவிட இனிப்பாகிவிடும். ஆனால் கேட்டது குராங் மானிஸ்தானே, அந்தப் புண்ணியம் எங்கேயும் போகாது. மனைவி கூட வந்தால் மட்டும் குராங் மானிஸ் சொல்பவர் இன்னொரு ரகம். தனியாக வரும் நாளில் இவர் எதுவுமே சொல்வதில்லை, விரலை மட்டும் காட்டுவார், தம்பிக்குத் தெரியும். தனக்குச் சொல்லாமல் அடுத்தவருக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "அண்ணனுக்கு குராங் மானிஸ் போடு தம்பி" என்பார்கள், என் வயிற்றைப் பார்த்தபடி. சித்தப்பா மகள் இந்த வகையறா.

ஒரு மழை நாளில் வேறு வேலையில்லாமல் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கோப்பை, மூன்றிலும் ஒரே அளவு டின் பால். கரண்டி ஒன்று, கை ஒன்று, பழக்கம் ஒன்று. ஆற்றி முடித்து ஒன்றை மட்டும் தனியாகத் தள்ளி வைத்து, "இது குராங்" என்றான். வாங்கியவர் ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, "ம்ம், இதான் சரி" என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்த டின்னில் இருப்பதே கிட்டத்தட்டப் பாதி சீனி. அதில் எதைக் குறைப்பது?

உண்மையில் குறைக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. தே ஓ கொசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, உடம்பில் ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. சொல்லிப் பாருங்கள். கடை அமைதியாகிவிடும். தம்பியின் குரல் தாழும். "ஏண்ணே, எத்தனை இருக்கு?" என்பான். அடுத்த மேசைக்காரர் தன் சீனி நோய்க் கணக்கைச் சொல்வார். அதற்கடுத்தவர் தன் மாமனாருக்குக் கால் விரல் எடுத்த கதையைச் சொல்வார். பாகற்காய் வரும், வெந்தயம் வரும், இன்னும் என்னென்னவோ வேர் வரும். நீங்கள் கேட்டது ஒரு கோப்பைத் தேநீர், கிடைத்தது முன்கூட்டிய அனுதாபக் கூட்டம். அதனால்தான் நாமெல்லாம் குராங் மானிஸில் நிற்கிறோம். நோயாளி என்ற பெயரும் வராது, பால் என்ற சுகமும் போகாது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு குராங் மானிஸ் சொல்லிப் பார்த்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பான வகைகளுக்கு லிட்டருக்கு 40 காசு வரி. பிறகு அதை ஏற்றியும் விட்டார்கள். போத்தலில் வருவதற்குத்தான் வரி. தம்பி தலைக்கு மேலே தூக்கி இழுத்து ஆற்றுவதற்கு இல்லை. வரி போட்டால் ஆட்சி நிற்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் என்னவென்றால், தேயிலை இங்கேதான் விளைகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கிய போ தோட்டம், 1933-லிருந்து இருக்கும் பாரத் தோட்டம், எல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம். சுங்கை பாலாஸில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் வெளியூர்க்காரர்கள் பால் இல்லாமல் அந்தத் தேநீரைக் குடித்து, "ஆஹா" என்கிறார்கள். (பக்கத்தில் கேக் இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசவில்லை.) தேயிலைக்கு நடுவில் குடியிருக்கும் நமக்குத் தேயிலையின் ருசி தெரியாது, பாலின் ருசிதான் தெரியும்.

அடுத்த எரிச்சல், கீழே இருந்து வருகிறவர்கள். "மலையில இருக்கீங்க, ஏறி இறங்கினாலே போதுமே!" தானா ராத்தாவே 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும், உண்மைதான். ஆனால் ஏறுவது நாங்கள் இல்லையே, லேண்ட் ரோவர் அல்லவா ஏறுகிறது. எங்களைவிட வயதான வண்டி, பாவம், அதுதான் மூச்சு வாங்குகிறது. நடைப்பயிற்சி என்றால் இந்த மலையில் எல்லோருக்கும் ஒரு பெயர் ஞாபகம் வரும்: ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்போன அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகல், தங்கியிருந்த பங்களாவில் மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வெளியே நடந்தார். போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி எல்லோரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். இன்றுவரை வரவில்லை. சாப்பிட்டுப் படுத்தவர்கள் எல்லோரும் பத்திரமாக எழுந்து தேநீர் குடித்தார்கள். இந்த வரலாறு தெரிந்தும் என்னை நடக்கச் சொல்கிறார்கள்.

கிளினிக்கில் வேறு தனிக் கூத்து. 2023-ன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் என்று வந்தது. மலேசியத் தமிழன் ஒரு கணக்கிலாவது பெரும்பான்மையில் சேர்ந்தானே என்று நான் சந்தோஷப்பட்டேன். தாதிக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்கக் கூடாது, உடல் நிறைக் குறியீடு 23-லேயே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004-லேயே சொல்லிவிட்டார்களாம். வெள்ளைக்காரனுக்கு 25, நமக்கு 23. இதிலுமா கழித்துக் கொடுப்பார்கள்?

கழிவு என்றதும் பாட்டி ஞாபகம் வருகிறது. இங்கே நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன்.

பாட்டியின் எடை என்னவென்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துத் தராசில் ஏறியது அவள் கூடைதான். விடியுமுன் பிரட்டில் பேர் கொடுத்து, பிறகு முதுகில் கூடையோடு சரிவு, மழையானாலும் அட்டையானாலும். காலையில் கோப்பி ஓ, மத்தியானம் தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும், அதிலும் பாதியைப் பிள்ளைகளுக்கென்று மிச்சம் வைத்துக் கொண்டுவருவாள். கொழுந்தின் எடை கூடினால்தான் காசு. நிறுக்கும்போது கூடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. (கிளினிக் தராசில் ஏறும்போது "கூடைக்குக் கழிவு உண்டு, சுவெட்டருக்குக் கிடையாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். "கழட்டிட்டு ஏறுங்க ஐயா" என்றார் தாதி. இந்தக் குளிரில்!) பாட்டி ஒல்லியாக இருந்தது இல்லாமையால். அதைப் போய் வாழ்க்கை முறை என்கிறாள் கோலாலம்பூர்க்காரி.

பாட்டிக்கு ஒல்லியே பிடிக்காது. "என்னடா இது, கொழுந்து கிள்ளின குச்சி மாதிரி" என்று என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, தன் சோற்றை என் தட்டில் தள்ளுவாள். பேரன் ஒருவனாவது உட்கார்ந்த இடத்தில் வயிறு நிறையத் தின்று, சட்டைப் பொத்தான் தெறிக்க நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது நிறைவேறியிருக்கிறது. இந்த வயிறு அவள் சம்பாத்தியம். இதைக் குறை சொல்ல, அவள் சமைத்த ஒரு வாய் சோறும் தின்றறியாத சித்தப்பா மகளுக்கு என்ன உரிமை? இன்றைக்குச் சரிவில் நிற்பவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தம்பிகள். அவர்களும் ஒல்லிதான். அவர்களை நிறுத்தி "எப்படித் தம்பி இவ்வளவு ஸ்லிம்மா இருக்கீங்க?" என்று அவள் கேட்டாளா? படம் எடுக்கையில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

இந்த மலையில் முறையாக இளைப்பது கொழுந்து மட்டும்தான். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் போனால் ஒரு கிலோ தூளாக வெளியே வருகிறது. வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், அனலில் காயவைக்கிறார்கள். மனவுறுதி பற்றி யாரும் அதனிடம் பேசுவதில்லை, வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்புவதில்லை. அவ்வளவு பாடுபட்டு இளைத்து வந்ததைத்தான் நாம் டின் பாலில் போட்டு மறுபடி கொழுக்க வைக்கிறோம்.

என் முறையைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. விரிவாகச் சொல்ல இப்போது நேரமில்லை, சனிக்கிழமை, பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குக் கிளம்ப வேண்டும். முதல் விதி மட்டும்: நின்றுகொண்டு சாப்பிட்டது கணக்கில் வராது. அவித்த சோளம், பொரித்த காளான், சாக்லெட்டில் முக்கிய ஸ்ட்ராபெரி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாம் விதி, சுவெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டது குளிருக்கே செலவாகிவிடும். இதை என் மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.