கடைசிப் பத்து நிமிடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வயதுக்காரர்கள் பலருக்கு, 1970-களின் தமிழ்ப் படங்கள் கல்யாணத்தில் முடிகின்றனவா கருமாதியில் முடிகின்றனவா என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. காரணம் ரசனை அல்ல, பஸ்.

புதுப்படம் ராஜபாளையத்துக்குத்தான் முதலில் வரும். எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேரும்போது பிரிண்டில் மழை பெய்துகொண்டிருக்கும்; பாட்டில் ஒரு சரணம் அறுந்து போயிருக்கும். ஆகவே பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பிடித்துப் போய் முதல் ஆட்டம் பார்ப்பது வழக்கம். ஆட்டம் விடுவது ஒன்பதரைக்கு மேல். டவுன் பஸ் கிளம்புவது ஒன்பதரைக்கு. அதை விட்டால் செங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகிற வண்டிகள் உண்டு. உண்டு என்பது கண்ணால் பார்ப்பதற்குத்தான். கண்டக்டர் படியிலேயே நின்று, "மதுரை மட்டும் ஏறு, வில்லிபுத்தூர் ஏறாதே" என்று கூவுவார். பதினோரு நிலைக் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்கிற ஊருக்கு அந்த வண்டியில் நிற்கக்கூட இடம் கிடையாது.

எங்கள் கூட்டத்துக்குத் தலைமை மாமா. அத்தையின் கணவர், மில்லில் கணக்கு எழுதியவர். படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் சில வினாடிகள் திரையில் நிற்கும் அல்லவா? மற்றவர்கள் அதில் 'யு'வா 'ஏ'வா என்று தேடுவார்கள். மாமா, நீளம் எத்தனை மீட்டர் என்று தேடுவார். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 27 மீட்டர் சொச்சம் நகரும். 4,100 மீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். இருட்டில் விரல் மடக்கிக் கூட்டிக் கழித்து, கதாநாயகன் முகம் தெரிவதற்கு முன்பே அத்தை காதில் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "கடைசி ரீலு நமக்குக் கெடையாது."

அவருடைய கணக்கு தானாகத் தவறியதே இல்லை. தவறவைத்தது நியூஸ் ரீல். 1948-ல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திப் படத்தையோ ஆவணப் படத்தையோ ஒவ்வொரு காட்சியிலும் போட்டாக வேண்டும் என்பது கொட்டகைகளுக்கு விதி. ஒரு நாள் வெள்ள நிவாரணம், ஒரு நாள் கோதுமை விளைச்சல், ஒரு நாள் மந்திரி நாடா வெட்டுவார். வடக்கே எங்கோ ஓர் அணையைத் திறந்தால் ராஜபாளையத்தில் எங்களுக்கு க்ளைமாக்ஸை மூடிவிடுவார்கள். பிலிம்ஸ் டிவிஷனை 2022-ல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள் என்று படித்தபோது மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. நாடா வெட்டிய மந்திரி இருந்த இடத்தில் இப்போது நகைக்கடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். பெங்களூரில் ஒருவர், படத்துக்கு முன்னால் 25 நிமிடம் விளம்பரம் ஓட்டித் தன் வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் அவருடைய மன உளைச்சலுக்கு 20,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்துவிட்டது. எங்கள் காலத்து மன உளைச்சலை எந்த ஆணையமும் ரூபாயில் கணக்கிட்டதில்லை. ஓடிப்போய்ப் பஸ்ஸில் இடம் பிடித்ததும் அது தானாகவே தீர்ந்துபோகும்.

1978 ஆகஸ்டில் 'முள்ளும் மலரும்' வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். அண்ணன் காளிக்குப் பிடிக்காத இன்ஜினியரைக் கட்டிக்கொள்ள, ஊர்க்காரர்கள் சூழ வள்ளி நடந்து போகிறாள். அந்த இடத்தில் மாமா எழுந்தார். நாங்களும் எழுந்தோம். பின்வரிசையில் "மறைக்காதய்யா!" என்று குரல் வந்தது. குனிந்தபடி வெளியே வந்து, பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அத்தை மீதிக் கதையைத் தானே முடித்துவிட்டார். தங்கச்சி போய்விட்டாள். ஒரு கை போன காளி கடைசிவரை இறங்கி வரவில்லை. அவள் வீட்டு வாசல்படியை அவன் மிதிக்கவே இல்லை. அவ்வளவுதான் படம்.

எங்கள் குடும்பத்தில் வெகுகாலம் அதுதான் 'முள்ளும் மலரும்.' அண்ணன் தங்கை சண்டை எந்த வீட்டில் வந்தாலும் அத்தை அந்தப் படத்தை உதாரணம் காட்டுவார். பிறகு தூர்தர்ஷன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படம் வந்தது. ஒரு ஞாயிறு அதே படம். வள்ளி கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அந்த ஒன்றுக்காகவே காளி மனம் இளகி, பிடிக்காத மாப்பிள்ளைக்கே அவளைக் கட்டிவைக்கச் சம்மதிக்கிறான். தமிழ் சினிமாவின் சிறந்த முடிவுகளில் ஒன்று என்று விமர்சகர்கள் இன்றும் கொண்டாடுகிற இடம். அத்தைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அம்புட்டு வீராப்பா இருந்தவன் கடேசில இப்படிப் பொசுக்குன்னு எறங்கிட்டானே!" என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "அன்னைக்கு நீங்க எந்திரிச்சதுதாங்க சரி" என்று சான்றிதழும் கொடுத்தார். அவர்கள் தாம்பத்தியத்தில் மாமா செய்தது சரி என்று அத்தை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

முடிவு தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இல்லாமல் இல்லை. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே ஊர் திரும்பும் இளவட்டங்கள் இருந்தார்கள். மார்கழியில் அவர்கள் தெருவுக்குள் நுழைவதும் ஆண்டாள் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்குவதும் அடுத்தடுத்து நடக்கும். பெருமாளைச் சேவிக்கப் போகிறான் பிள்ளை என்று நினைத்துக்கொண்ட தாய்மார்கள் உண்டு. அவர்களில் ஓர் அண்ணன் படத்தின் முடிவைச் சும்மா சொல்ல மாட்டார். இலையில் பொதிந்த பால்கோவா வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே பால்கோவாதான். நூறு கிராமுக்கு வில்லன் போலீசில் பிடிபடுவான். இருநூறு என்றால் செத்தே போவான். நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முடித்துவைத்த படங்களில் சில, இயக்குநர் முடித்ததைவிட நன்றாக இருந்தன.

ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பஸ் கவலை இல்லை. அவர்களுக்குச் சங்கு. 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக ஆலைகள் வந்து, ஊரே பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று மூன்று ஷிப்டில் தூங்கி எழுந்தது. அரை நைட்டு நாலு மணிக்கு. மேட்னி இரண்டரைக்கு. எனவே அரை நைட்டுக்காரர் நியூஸ் ரீல், ஒரு பாட்டு, கொஞ்சம் காதல் வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து போவார். போகும்போது கிழித்த பாதி டிக்கெட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். மில் வாசலில் பகல் ஷிப்டு முடிந்து வெளியே வருகிற கூட்டாளியிடம் அது கைமாறும். கூட்டாளி இடைவேளைக்கு முன்னால் போய் அதே இடத்தில் உட்காருவார். அடுத்த வாரம் ஷிப்டு மாறும். முன்பாதி பார்த்தவர் பின்பாதியும், பின்பாதி பார்த்தவர் முன்பாதியும் பார்ப்பார்கள். தலைக்கு ஒரு டிக்கெட்டின் விலையில் இரண்டு குடும்பங்களுக்குக் கதை தெரிந்துவிடும். நடுவே படத்தை எடுத்துவிட்டால்தான் சங்கடம். வில்லன் ஏன் வில்லனானான் என்று தெரிந்த ஒருவரும், அவன் எப்படிச் செத்தான் என்று தெரிந்த ஒருவரும் அப்புறம் ஆயுசு முழுக்க டீக்கடையில் சந்தித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவர்களுக்கு நேர்மாறான ஒரு ஜாதி, கொட்டகை வாசலில் சுற்றும் பையன்கள். அடுத்த ஆட்டத்துக் கூட்டம் வாசலில் நெருக்குவதால், படம் முடியக் கொஞ்சம் முன்பே பக்கக் கதவுகளைத் திறந்து விடுவார்கள். நாங்கள் தலைகுனிந்து வெளியே வருகிற அதே கதவில் அவர்கள் உள்ளே பாய்வார்கள். கடைசிச் சண்டை, போலீஸ் ஜீப், குடும்பம் சேர்ந்து சிரிக்கும் படம், 'வணக்கம்.' எல்லாம் இலவசம். ஊரில் எல்லாப் படத்துக்கும் முடிவு தெரிந்த, ஒரு படத்துக்கும் கதை தெரியாத விமர்சகர்கள் உருவானது இப்படித்தான். இப்போது யூடியூபில் அவர்கள் வாரிசுகள் இருக்கிறார்கள்.

படம் பிடிக்காமல் எழுந்து வருவது வேறு விஷயம். என் அப்பா காலத்தில் அதற்குப் பேர் வாங்கிய படம் 1954-ல் வந்த 'அந்த நாள்.' வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்தது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் கொலையாகிக் கிடப்பதில் படம் தொடங்குகிறது. பாட்டு வரும் வரும் என்று காத்திருந்த ஜனம் பொறுமை இழந்தது, படமும் ஓடவில்லை. இன்று அதைப் பாராட்டாத சினிமாப் புத்தகம் இல்லை. கொலை செய்தது யார் என்பது கடைசியில்தான் தெரியும். அதை நான் இங்கே சொல்வதாக இல்லை. அப்போது பாதியில் எழுந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளாவது முழுசாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

எழுந்து போவதை அரசாங்கமும் கவனித்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, படம் முடிந்ததும் கொட்டகைகளில் தேசிய கீதம் போட்டார்கள். அதற்குள் வாசலுக்குப் போய்விட வேண்டும் என்று ஜனம் கடைசிக் காட்சியிலேயே நாற்காலியை விட்டது. நாளடைவில் வழக்கம் நின்றது. 2016 நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம், படம் தொடங்குமுன் கீதம் போட வேண்டும், கதவுகளைச் சாத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. சீக்கிரம் கிளம்பியவர்கள் லேட்டாக வர ஆரம்பித்தார்கள். 2018 ஜனவரி 9-ல், அது கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது பஸ் பயம் இல்லை. எங்கள் வீட்டிலேயே கார் இருக்கிறது. காட்சி முடியும் நேரம் டிக்கெட் வாங்கும்போதே போனில் தெரிந்துவிடுகிறது; மீட்டரை நிமிடமாக மாற்ற மாமா தேவையில்லை. ஆனாலும் படம் முடியக் கால் மணி இருக்கும்போதே நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்கிறது. விசாரித்தால், காரை எடுக்க வேண்டுமாம். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்தால் நெரிசலாம். ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் சீக்கிரமாக எடுக்கிறார்கள். நெரிசல் கால் மணி முன்னதாகவே ஏற்பட்டுவிடுகிறது.

2022-ல் 'விக்ரம்' பார்க்க அத்தை மகனோடு போனேன். கமல்ஹாசன் ஜெயித்தாயிற்று, வில்லன் முடிந்தாயிற்று என்று மச்சான் எழுந்துவிட்டார். மாமாவின் ரத்தம். சூர்யா ரோலெக்ஸாக வந்து தியேட்டரே அலறியபோது, அவர் வெளியே வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்து விஷயத்தைச் சொல்வதற்குள் யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்து அனுப்பியதை அவர் போனிலேயே பார்த்து முடித்திருந்தார். அத்தைக்கு ஒரு முடிவு தெரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. மகனுக்கு, பார்க்கிங் வரிசை நகர்வதற்குள். தனக்கென்று ஒரு முடிவு கட்டிக்கொள்ள அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

வடக்கே இதற்கும் வழி செய்தார்கள். 2024 டிசம்பரில் பிவிஆர் ஐநாக்ஸ் டெல்லியிலும் குருகிராமிலும், பாதியில் எழுந்து போகிறவருக்குப் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் டிக்கெட்டை அறிமுகப்படுத்தியது. ஆள் நாற்காலியில் இருக்கிறாரா என்று கேமரா பார்க்கும். முக்கால்வாசிக்கு மேல் படம் மீதி இருந்தால் 60 சதவீதம், பாதிக்கு மேல் இருந்தால் 50, கால்வாசிக்கு மேல் இருந்தால் 30. இந்த வசதிக்கு டிக்கெட் விலையில் பத்து சதவீதம் கூடுதல். மாமா இருந்திருந்தால் ஒரு பார்வையில் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்: கடைசி ரீலுக்கு எழுந்து போகிறவனுக்குச் சல்லிக்காசு கிடையாது.

வீட்டில் செயலியில் படம் பார்ப்பதோ இன்னும் மோசம். எழுந்து போகக்கூட வேண்டாம், விரல் போதும். ஆனால் நாம் பாதியில் விட்ட ஒவ்வொரு படத்தையும் அந்தச் செயலி வரிசையாக நிறுத்தி, எங்கே விட்டோம் என்று அடியில் ஒரு சிவப்புக் கோடும் போட்டு, 'தொடர்ந்து பாருங்கள்' என்று தினமும் கேட்கிறது. என் வரிசையில் ஒரு படத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் பாக்கி. பஸ்ஸும் இல்லை, ஷிப்டும் இல்லை; அதைப் பார்க்காமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது. பார்க்கவும் இல்லை.

கிளம்புகிறவர்களைத் தடுக்கும் யோக்கியதை எங்கள் குடும்பத்துக்கு இல்லை. தாராளமாகக் கிளம்புங்கள். ஆனால் குனிந்து போங்கள். போன் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். பின்வரிசையில் இருப்பவர் அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்.