ரெண்டாயிரம் வாட் வாத்தியார்

பொதட்டூர்பேட்டையில் ஒரு தெரு அமைதியாக இருந்தால் அங்கே கரண்டு போயிருக்கிறது என்று பொருள். மற்ற நேரமெல்லாம் விசைத்தறிதான் பேசும். நாடா இந்தப் பக்கம் அடித்து, அந்தப் பக்கம் போய் அடிக்கும். ஒரு தறிக்கே நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் அடி. ஒரு கூடத்தில் எட்டுத் தறி என்றால் பக்கத்துக் கூடத்தில் ஆறு. உள்ளே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். எங்கள் வீட்டில் தறிக்கூடத்துக்கும் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கைக்குழந்தையாக இருந்தபோது தறி ஓடும்வரை தூங்குவேனாம், நின்றால் வீறிட்டு அழுவேனாம். அம்மா இன்னமும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படி வளர்ந்தவனுக்கு நாற்பது வயதுக்குமேல் துல்லியமான இசையின் மீது ஆசை வந்தது. அதுவும் கைமாறி வந்த பழைய ஆல்டோ காருக்குள். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் சொதப்பல்களில் பாதிக்குமேல் நானே கரும்பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சை வைத்து, மார்க் குறைத்த விஷயங்கள்.

முதலில் ஆம்ப்ளிஃபயர். சென்னையில் கார் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எலக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெரு. நான் இரண்டையும் சல்லடை போட்டேன். எந்தத் தெருவில், எந்தக் கடையில் வாங்கினேன் என்பது வேண்டாம். அட்டைப்பெட்டியில் 2000 வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது, நான் நம்பினேன், அவ்வளவுதான் கதை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊர் வந்ததும் நேராக மைக்செட்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கும் தீமிதிக்கும் குழாய் கட்டி முடி நரைத்தவர். அவர் தங்க எழுத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பி, ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஃபியூஸ் எவ்ளோ போட்டுக்கீது, படிங்க சார்."

"முப்பது ஆம்பியர்."

"வண்டி ஓடச்சொல்ல பேட்டரி பதினாலு வோல்ட்டு காட்டும். பெருக்குங்க."

நானூற்றிருபது. உள்ளே போவதே 420 வாட் என்றால் வெளியே 2000 எப்படி வரும்? இந்த வகை ஆம்ப்ளிஃபயர் அதிலும் பாதியைச் சூடாக்கிவிடும். கடைசியில் கைக்கு வருவது இருநூறுக்குக் கொஞ்சம் மேலே. மின்திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். "பரவால்ல சார், எட்டுக்கு ஆறு ரூமுக்கு இருநூறே ஜாஸ்தி. இதுக்கு ரூமுகூட இல்ல, காரு" என்று ஆறுதலும் சொன்னார். அது ஆறுதல் இல்லை என்பது பிறகு புரிந்தது. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக, அந்தத் தங்க எழுத்து உண்மையாகவே இருந்திருந்தாலும் நான் ஏமாந்துதான் இருப்பேன்.

அடுத்தது வூஃபர் பெட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் என் அறிவு முழுவதையும் செலவழித்தேன். தறிக்கு மரச்சாமான் செய்யும் ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை வாங்கிக் கொடுத்து, முப்பது லிட்டர் கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டு, மூன்று அங்குல பி.வி.சி. குழாய் வைக்கச் சொன்னேன். குழாய் எதற்கு? காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுருதி வருமே, அதேதான். உள்ளே இருக்கும் காற்று சுருள்வில், குழாயில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை. பெட்டியின் கொள்ளளவும் குழாயின் அகலமும் நீளமும் சேர்ந்து அந்தச் சுருதியைத் தீர்மானிக்கும். முப்பது லிட்டருக்கு 25 சென்டிமீட்டர் குழாய் வைத்தால் சுமார் 38 ஹெர்ட்ஸ் வரும். நோட்டில் அழகாகப் போட்டு அடிக்கோடும் இட்டேன்.

பெட்டியின் உள் ஆழம் 22 சென்டிமீட்டர். குழாய் 25.

"மொழம் போட்டு வளைச்சிக்கலாம் சார்" என்றார் ஆசாரி. குழாயை வளைக்கும் எல்போவைத்தான் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. ஓட்டைதானே, எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன என்று ரம்பத்தை வாங்கி ஒரே அறுப்பு. மிச்சம் இருந்தது ஐந்து சென்டிமீட்டர். மாணவன் யாராவது ஒத்ததிர்வுப் பாடத்தில் 'நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும்' என்பதை விட்டுவிட்டால் நான் அவனை என்ன சொல்வேன் என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். 38 இருக்கவேண்டிய இடத்தில் 65 ஹெர்ட்ஸ் வந்து நின்றது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். அதைக் கேட்கத்தான் இந்தப் பாடே பட்டேன். என் பெட்டியிலோ அந்தக் கிட்டார் எந்தச் சுரத்தில் நடந்தாலும் வெளியே வருவது ஒரே 'தும்'. நல்ல பாட்டு, கெட்ட பாட்டு, செய்தி அறிக்கை, எல்லாவற்றுக்கும் அதே 'தும்'. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் பெட்டிக் காற்று கூம்பைத் தாங்குவதை விட்டுவிடும். வூஃபர் வெளியே தள்ளி உள்ளே இழுத்து வீணாகத் துடிக்கும். டிஎன் 20 நம்பர் பிளேட் தகரம் அதற்குத் தாளம் போட்டது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். கார் அறை அதில் பாதிகூட இல்லை. ஆகவே கீழ்ச் சுருதிகள் உள்ளே அழுத்தமாகத் தாமே ஏறிக்கொள்ளும்; குழாயே இல்லாமல் மூடிய சின்னப் பெட்டி வைத்திருந்தாலே போதும். ஆசாரிக்கு அரைநாள் வேலை. நான் கொடுத்தது இரண்டு வாரக் கூலியும், அறுத்த குழாயின் இருபது சென்டிமீட்டரும்.

ஒயரிங்கை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பூமி ஒயரைப் பெயின்ட் சுரண்டாமலே போல்ட்டில் முடுக்கினேன். எஞ்சினை முடுக்கினால் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஓர் ஓலம் கூடவே ஏறி, கூடவே இறங்கியது. ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கும் டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பூமி மட்டம் வேறாக இருந்தால் அந்த வித்தியாசமே பாட்டாகிவிடும். கெயின் திருகாணியை ஒலி கூட்டும் திருகாணி என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைத்ததில் அலையின் தலை சீவப்பட்டு, ட்வீட்டர் ஒன்று கருகி வாசம் வந்தது. கதவு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு ஒயரை மாற்றிச் சொருகியிருந்தேன். ஒன்று முன்னே தள்ள மற்றது பின்னே இழுக்க, கீழ்ச் சுரம் காணாமல் போனது. "ஒரு பக்கம் மட்டும் வெச்சிக் கேளுங்க சார், பேஸ் வந்துரும்" என்று கண்டுபிடித்தவன் பதினொன்றாம் வகுப்புப் பையன். டார்ச் செல் ஒன்றை வைத்து எந்தக் கூம்பு வெளியே வருகிறது, எது உள்ளே போகிறது என்று காட்டியும் கொடுத்தான். அலைகளின் குறுக்கீட்டுப் பாடத்தை அந்த வாரம்தான் அவனுக்கு நடத்தியிருந்தேன். நன்றாகத்தான் நடத்தியிருக்கிறேன் போல.

பேட்டரி விவகாரம் மட்டும் ஊர் அறிந்தது. ஆல்டோவின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். ஒரு கிருத்திகை நாளில் திருத்தணி மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, நண்பர்களுக்கு என் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டினேன். பெருமை முக்கால் மணி நேரம் நீடித்தது. பிறகு சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. காவடியோடு வந்த கூட்டம் ஒன்று பின்னால் கை வைத்தது. மஞ்சள் வேட்டிகள் சேர்ந்து "அரோகரா!" என்று தள்ளின. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது; பிடித்ததும் அணைக்க மறந்த பாட்டும் பிடித்துக்கொண்டது. அது பக்திப் பாட்டு இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, மைக்செட்காரர் தயவில் எல்லாம் சரியாகி, கடைசி வேலை மட்டும் மிச்சம் இருந்தது: டியூனிங். இதை யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இடப்பக்க ஸ்பீக்கர் என் காதிலிருந்து அறுபது சென்டிமீட்டர் கூடுதல் தள்ளி இருக்கிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே பக்கத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கரைக் கிட்டத்தட்ட 1.8 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் பாடுபவர் கண்ணாடிக்கு நடுவில் வந்து நிற்பார். நான் இடதைத் தாமதப்படுத்தினேன். எஸ். ஜானகி என் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடினார். அதைத் திருத்திவிட்டு ஈக்வலைசருக்கு வந்தேன். 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டைகளை ஏற்றினேன். பாட்டு தெளிந்தது. இன்னும் ஏற்றினேன். இன்னும் தெளிந்தது. வயலின் வில் நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது. உலகத்தரம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

"காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்குதுங்க" என்றார் மனைவி. மகள் துப்பட்டாவைக் காதில் சுற்றிக்கொண்டாள். ரசனை இல்லாதவர்கள் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலமானால் காதில் ஒரு ரீங்காரம் வர ஆரம்பித்திருந்தது. அதற்காகத்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் பழுது என்று நினைத்தேன். வெளியே வந்தபோது மருத்துவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மில்லுல வேலை செஞ்சீங்களா?" என்றார்.

"இல்லிங்க டாக்டர், அங்க பொறந்தேன்."

கோடு இரண்டு காதிலும் ஒழுங்காகப் போய் 4,000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து அது. காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை மூடிய குழாய். கணக்குப் போட்டால் 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். வரும் சத்தத்தில் அந்தப் பகுதியைத்தான் அது பெருக்கி உள்ளே அனுப்பும். அடி விழுவது அதற்குச் சற்று மேலே. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், மூன்று டெசிபல் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும், 94-க்கு ஒரே மணி நேரம்தான் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. நைனா, அதாவது அப்பா, தறியில் நின்றது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கினேன், விடுமுறையில் அந்தப் பக்கம் தார் சுற்றினேன். ஒரு முனை மூடிய குழாய்க்கு ஐந்து மார்க் கேள்வி வரும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவன் தலையில் இரண்டு குழாய் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஈக்வலைசர் திரையைப் படம் எடுத்து, மருத்துவர் கொடுத்த தாளைத் தலைகீழாகப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மலை. இத்தனை பணத்தைக் கொட்டி எனக்கு நானே நாலு சக்கரம் வைத்த ஒரு காது மிஷின் கட்டியிருக்கிறேன்.

மகள் உட்கார்ந்து எல்லாப் பட்டைகளையும் இறக்கினாள். மனைவிக்குத் திருப்தி. மைக்செட்காரர் ஒரு சுற்று வந்துவிட்டு, "இப்பதான் சார் பாட்டு பாட்டாக்கீது" என்றார். எனக்கு ஜானகி கம்பளிக்குள்ளிருந்து பாடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனாவை ஆந்திர எல்லை தாண்டி நகரிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. நைனாவின் பாட்டுகள் அந்தப் பக்கமே இருந்துவிட்டன. கண்டசாலா போட்டேன். தறிக்கூடத்தில் வாயசைவையும் கைச்சாடையையும் வைத்தே பேசிப் பழகியவர், என் வாயைப் பார்த்து, "பாட்டு போடலியா?" என்றார். மகளின் அமைப்பை மாற்றிப் பழைய மலையைக் கொண்டுவந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பின்னிருக்கையில் மனைவி ஜன்னலை இறக்கிக்கொண்டார்.

ஆக, செட்டில் இப்போது முதல் பிரிசெட் மகளுடையது, இரண்டாவது நைனாவுடையது. மூன்றாவது காலியாக இருக்கிறது. அதில் கை வைக்க வீட்டில் எனக்கு இன்னும் அனுமதி தரவில்லை.