மரை கழன்ற கேஸ்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். யாரிடமாவது இப்படிச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் மனைவி "படிச்சது" என்று ஒரு வார்த்தை சேர்ப்பாள். கோவையில் நாலு வருஷம் படித்துவிட்டு, இருபது வருஷமாக டெட்ராய்ட் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கார் ஊரில் குடியிருந்தால் கார் ஞானம் காற்றிலேயே வரும் என்றொரு நினைப்பு எனக்கு.

அந்த நினைப்பில் வாங்கியதுதான் பழைய ஆட்டோமேட்டிக் கார். பிப்ரவரியில் ஒரு காலை வண்டியை நகர்த்தினால், வாசல் பனியில் வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல் நாலைந்து சிவப்புப் புள்ளி. இந்த ஊரில் வெற்றிலைக்கு எங்கே போவது? கியர்பாக்ஸ் எண்ணெய்தான். இன்ஜின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று அதற்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் கொதிப்பேறிவிடும். அது ஒரு இரும்புக் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய் உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு, இன்னொரு குழாய் வழியே வீடு திரும்பும். மிச்சிகனில் பனி உருகக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு என் குழாயைத் தின்றிருந்தது.

பட்டறையில் கூலி மட்டும் மணிக்கு 150 டாலர் என்றார்கள். புதுக் குழாயை, முனை விரித்து வளைத்ததாகவே வாங்கி வந்தேன். கூடவே ஒரு டஜன் டெஃப்ளான் டேப். ஊரில் பிளம்பர் வந்தால் குழாயைப் பார்ப்பதற்கு முன்பே டேப்பை எடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

வேலையைத் தொடங்கியது மே மாதம். மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த நேரம். மாமா திருச்சி பெல்லில் முப்பது வருஷம் பாய்லர் குழாய் ஃபிட்டர். நாற்காலியைக் கராஜ் வாசலில் போட்டு, காபியோடு உட்கார்ந்தார்.

"மாப்ளே, கை கொடுக்கட்டுங்களா?"

"நீங்க உக்காருங்க மாமா. சின்ன வேலைதான்."

அந்தச் சின்ன வேலை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் துருப்பிடித்த நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகி, ஆறு முகமும் போய் அது கோலிக்குண்டு ஆனது. இரண்டாம் நாள் புதுக் குழாயைப் பூட்டினேன். கண்ணில் பட்ட மரைக்கெல்லாம் நாலு சுற்று டேப். வண்டியை ஓடவிட்டேன். சொட்டியது. எட்டுச் சுற்று. சொட்டியது. பன்னிரண்டு சுற்றுக்கு மேல் நட் உள்ளேயே போக மறுத்தது. சட்டைக் கையில் இறங்கிய எண்ணெய் பனியன் வரை வந்துவிட்டது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையைத் திருத்துவது அவர் குல வழக்கத்தில் கிடையாது.

மூன்றாம் நாள் நானே, "மாமா, கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். காபி டம்ளரை ஓரமாக வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார். சொட்டிய குழாய் மூட்டை ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு மகளிடம் முகப் பவுடர் கேட்டார். வண்டிக்கடியில் கிடந்துகொண்டு பவுடர் கேட்கிறாரே என்று மாமியார் பயந்தே போனார். அதை மூட்டைச் சுற்றித் தூவி, இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓட்டி அணைக்கச் சொன்னார். வெள்ளைப் பவுடரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"இது மரையில வரல மாப்ளே. நட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல வருது பாருங்க."

விஷயம் இதுதான். இந்த மூட்டில் எண்ணெயை அடைப்பது மரையல்ல. குழாயின் விரிந்த முனை எதிரே உள்ள கூம்பில் இரும்போடு இரும்பாகப் போய் உட்கார வேண்டும். அதை அழுத்திப் பிடிப்பது மட்டுமே நட்டின் வேலை. முனை கோணலாக உட்கார்ந்தால் எண்ணெய் குழாயை ஒட்டியே வெளியே வந்துவிடும். மரையில் நான் சுற்றிய டேப்பெல்லாம் கொல்லைக் கதவு திறந்து கிடக்க வாசலுக்குப் போட்ட பூட்டு. மாமா குழாயின் இரண்டு முனையையும் தளர்த்தி, நேராக்கி, நட்டை விரலாலேயே கடைசிவரை சுற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டார். சொட்டு நின்றது.

"இங்கதான் மரை அடைக்கணும்" என்று அடுத்து அவர் காட்டியது, கியர்பாக்ஸ் உடம்பில் ஏறும் ஃபிட்டிங்கை. அமெரிக்கப் பைப் மரை 16க்கு 1 என்ற கணக்கில் கூம்பிக்கொண்டே போகும். இறுக இறுக ஒன்றுக்குள் ஒன்று நெரிந்து அடைக்கும். அங்கேயும் நான் டேப் சுற்றியிருந்தேன். டெஃப்ளான் பசையல்ல, வழுக்கும் பொருள். கை அறியாமல் ஃபிட்டிங் மேலும் மேலும் சுற்றும்; கியர்பாக்ஸ் உடம்போ அலுமினியம், ஒரு சுற்று கூடினால் வெடித்துவிடும். மாமா அதைக் கழற்றி, உள்ளேயிருந்து இடியாப்பம்போல் ஒரு வெள்ளை இழையை உருவினார். "இது உள்ள போயிருந்தா வால்வுல மாட்டிக்கும். கியர் மாறாது" என்றார். பிறகு எண்ணெய்க்கென்றே விற்கும் திரவ சீலன்டை, முனையில் இரண்டு மரை விட்டு, நாமம் போடுகிற நிதானத்தோடு பூசிப் பூட்டினார்.

"நாங்க சணல் சுத்தி வெள்ளை லெட் தடவினவங்க. அது தண்ணிக்கு. எண்ணெய்க்கு இது" என்பதோடு அவர் பாடம் முடிந்தது.

இரவுச் சாப்பாட்டில், "மாப்ளே நல்லா பண்ணினாருமா, நான் சும்மா டார்ச் பிடிச்சேன்" என்றார் மகளிடம். அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "மரை கழண்டது எங்கேப்பா, வண்டியிலயா?" என்று கேட்டாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டார்.

டெஃப்ளான் டேப் ஒன்பது சுருள் மிச்சம் இருக்கிறது. டெட்ராய்ட் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய்க்கு மட்டும்.