சீட்டுக் கேட்பியல்: பாடி வட்டார வழக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. பொருள் வரையறை

கையில் உள்ள சீட்டைப் பார்த்து, கையில் இல்லாத சீட்டை ஊகித்து, எதிரே இருப்பவரை நம்பி, பக்கத்தில் இருப்பவருக்கு அஞ்சி, ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்வது கேட்டல் எனப்படும். சொன்ன எண்ணை எடுத்துக் காட்டுவது ஆட்டம். எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் கூறுவது விசாரணை. இம்மூன்றில் கால அளவால் சிறியது கேட்டல். மற்ற இரண்டுக்கும் காரணமாக அமைவதும் அதுவே.

கேட்டல் இரு மரபாக வழங்குகிறது. முதலாவது காண்ட்ராக்ட் பிரிட்ஜ். 52 சீட்டு, ஆளுக்கு 13, இருவர் இருவராக இரண்டு அணி. இதற்கு முந்திய ஏல பிரிட்ஜில் சிறிய எண்ணைக் கேட்டுவிட்டு நிறையப் பிடி எடுத்தாலும் எல்லாம் வரவில் சேர்ந்தது. 1925இல் பனாமா கால்வாய் வழியே சென்ற ஒரு கப்பலில் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர் இதை மாற்றினார். கேட்டுப் பெற்ற பிடி மட்டுமே 'கேம்' கணக்கில் சேரும். கேளாமல் எடுத்ததற்குச் சில்லறைப் புள்ளிகளே கிடைக்கும் என்றாயிற்று. அன்றுமுதல் அடக்கமாகக் கேட்பது நற்குணம் என்ற நிலை போய், நஷ்டம் என்றாயிற்று.

இரண்டாவது இருபத்தெட்டு. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. மன்னராட்சி ஒழிப்பில் இந்திய அரசியல் சட்டத்தைவிடக் கறாரான ஆட்டம் இது. கேரளத்தில் இதையும் இதன் அண்ணனான ஐம்பத்தாறையும் ஆடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் ஆடும் முந்நூற்று நான்கில் ஜாக்கி 30, ஒன்பது 20 என்று மதிப்புகள் வளர்ந்துள்ளன. உறவு முறை மாறவில்லை. இவ்வாய்வு இருபத்தெட்டைப் பாடி வட்டாரத்தில் வைத்து நோக்குகிறது. பிரிட்ஜ் ஒப்பீட்டுக்கு மட்டும் வரும்.

2. நிலமும் பொழுதும்

தமிழ் மரபில் எதை ஆராய்ந்தாலும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும் கூறுதல் வேண்டும்.

நிலம் பாடி. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இங்குள்ளது. 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வண்டியின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிற்சாலை இங்கு எழுந்தது. அதனால் இவ்வட்டாரத்தின் பெரும்பொழுதும் சிறுபொழுதும் ஷிப்டைக் கொண்டே வகுக்கப்படும். ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்த பிற்பகல், செகண்ட் ஷிப்டுக்கு முந்திய முற்பகல், ஞாயிறு முழுவதும் ஆகியவை சீட்டுக்குரிய பொழுதுகள்.

இந்நிலத்துக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. அது கொரட்டூரில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கும் மின்ரயில். நால்வர் மடிமீது விரித்த செய்தித்தாளே அங்கு மேசை. வில்லிவாக்கத்தில் சீட்டுப் போட்டு, பெரம்பூர் லோகோவில் கேட்டு, வியாசர்பாடி ஜீவாவில் துருப்பைத் திறந்து, பேசின் பிரிட்ஜில் விசாரணை தொடங்குவது ஒழுங்கு. பேசின் பிரிட்ஜுக்கு அருகே வண்டி சிக்னலுக்கு நிற்பதைப் பயணிகள் பலர் குறையாகக் கூறுவர், கேட்பியலார் கூறுவதில்லை.

கருப்பொருள்கள்: மூலை மடிந்த சீட்டுக்கட்டு, காணாமற்போன கிளாவர் ஏழுக்குப் பதிலாகப் பேனாவால் திருத்தப்பட்ட ஆறு, டீ கிளாஸ், பின்னால் நின்று இரண்டு பேர் கையையும் பார்த்துவிட்ட ஒருவர். உரிப்பொருள் ஊடல். அது ஏழாம் பகுதியில் விரிக்கப்படும்.

3. கணக்கு

பிரிட்ஜில் ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணுவர். கட்டு முழுவதற்கும் 40. இம்முறையை அமெரிக்கரான சார்லஸ் கோரன் ஊரெங்கும் பரப்பினார். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்த்து 25 அல்லது 26 இருந்தால் கேம் கேட்கலாம். 33 இருந்தால் சின்ன ஸ்லாம். 37 இருந்தால் பெரிய ஸ்லாம். இந்தக் கணக்கைப் பள்ளி மாணவனுக்கு அரை மணியில் கற்பிக்கலாம். கற்ற மாணவன் அதன் பிறகு நாற்பது ஆண்டு தோற்கலாம். ஒரே 12 புள்ளி நீண்ட இனத்தில் ஒன்றுசேர்ந்து நிற்பதும், துணையில்லாத ராஜாவாக ஆங்காங்கே சிதறிக் கிடப்பதும் ஒன்றல்ல என்பதைக் கணக்கு சொல்லாது. 13 சீட்டுக் கை 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதமாக அமையும். அவற்றைப் பற்றிப் பேச வாய்ப்பளிக்கப்பட்ட சொற்கள் 15 மட்டுமே: ஏழு எண், நான்கு இனம், 'நோ டிரம்ப்', பாஸ், டபுள், ரீடபுள்.

இருபத்தெட்டில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. எட்டுச் சீட்டில் நான்கை மட்டும் போட்டுவிட்டுக் கேட்கச் சொல்வர். நான்கு சீட்டில் சராசரியாக வரும் புள்ளி மூன்றரை. கேட்கவேண்டிய குறைந்த அளவு 14. எஞ்சிய பத்தரைப் புள்ளி எங்கிருந்து வரும் என்பதே இவ்வாய்வின் மையச் சிக்கல். முதல் நான்கு சீட்டில் ஒரு ஜாக்கியாவது வருவதற்கு நூற்றுக்கு 43 வாய்ப்பே உண்டு. அதாவது பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் ஆட்டக்காரர் கையில் ஜாக்கி இருக்காது. எனினும் பாடியில் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் எவரும் பாஸ் சொல்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியைக் கணிதத்தால் நிரப்ப இயலாது. குணத்தால்தான் நிரப்ப வேண்டும். ஆகவே அடுத்த பகுதி.

4. கேட்போர் வகை

கேட்போர் நால்வர்.

கணக்கர்: ஒரே இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் ஏஸும் வந்தால் மட்டும் கேட்பார். அப்படி வரும் நாளில் மற்ற மூவருக்கும் அது உடனே தெரிந்துவிடும். இவர் அரிதாகவே தோற்பார்; அரிதாகவே அழைக்கப்படுவார்.

நம்பிக்கையர்: மீதி நான்கு சீட்டின் மேல் கேட்பவர். "வரும், வரும்" என்பது இவர் வாக்கு. வராதபோது சீட்டுப் போட்டவரின் கைராசி ஆய்வுக்கு எடுக்கப்படும்.

ஏற்றிவிடுவோர்: தமக்கு வேண்டாத ஆட்டத்தைப் பிறர் தலையில் உயர்ந்த விலைக்குக் கட்டுபவர். 16, 17, 18 என்று கூடவே ஏறி, 19இல் இறங்கிக்கொள்வார். இறங்கவேண்டிய படி எது என்ற அறிவு கேட்டலின் மிக உயர்ந்த பகுதி. ஒரு படி தாமதித்தால் ஏற்றிவிட்டவரே மேலே நிற்பார். கீழே மூவர் சிரித்துக்கொண்டிருப்பர்.

மானக்காரர்: தம் கையைப் பார்க்காமல் எதிராளியின் வாயைப் பார்த்துக் கேட்பவர். எதிராளி 15 என்றால் இவருக்கு 16 தோன்றும். அந்த 16க்குச் சீட்டில் ஆதாரம் இல்லை, "அவனுக்கு அவ்ளோ சீப்பா உட்டுடறதா?" என்ற கேள்வியே ஆதாரம். பாடியில் மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே. மற்ற மூன்று வகையினரும் இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் நான்காம் வகைக்கு மாறிவிடுவது கண்கூடு. எனவே இவை நான்கு வகைகள் அல்ல, ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையின் நான்கு கட்டங்கள் என்று கூறுவாரும் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதே.

பிரிட்ஜிலும் இந்நோய் உண்டு. ஆனால் அங்கு மருந்தும் உண்டு. எதிராளி எடுக்கும் ஆட்டத்தைவிடத் தாம் தோற்கும் ஆட்டம் மலிவாக முடியுமானால், தெரிந்தே தோற்கும் எண்ணைக் கேட்பது அங்கு கலையாகப் போற்றப்படுகிறது. மானக்காரர் செய்வதும் வெளித்தோற்றத்தில் இதுவே. வேறுபாடு, முன்னவர் நஷ்டத்தை முதலிலேயே எண்ணிவிடுகிறார் என்பதே.

5. ஓசையும் மெய்ப்பாடும்

கேட்டலில் மிகுதியாக வழங்கும் சொல் 'பாஸ்'. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை. ஆகவே இச்சொல் இரண்டரை மாத்திரை பெறும். ஸகர மெய் தமிழ் நெடுங்கணக்கில் இல்லையே என்பார்க்கு, சீட்டுக்கட்டும் இல்லை என்பது விடை.

இலக்கணப்படி இச்சொல்லுக்கு ஒரே பொருள்: "நான் கேட்கவில்லை." வழக்கில் அளவு மாறப் பொருளும் மாறும். இரண்டரை மாத்திரையில் ஒலித்தால் கையில் சுமார். மூன்றரையாக நீண்டால், ஒரு ஜாக்கி உண்டு, துணை இல்லை. முன்னே ஒரு "ம்ம்" சேர்ந்தால், கூட்டாளி கேட்டால் தாங்கலாம். அடுக்குத்தொடராக வந்தால் கையில் ஏழும் எட்டுமே. "நீயே பாத்துக்கோ பார்ட்னர்" என்று விரிந்தால், அது பாஸ் என்ற வகையையே கடந்து கடிதம் என்ற வகையில் சேர்ந்துவிடும். மாத்திரையின் அளவே கண்ணிமைக்கும் நேரம் என்பதால், பாஸ் சொல்லிக் கண்ணும் சிமிட்டுபவர் ஒரு மாத்திரை கூடுதலாகப் பேசிவிட்டதாகவே கொள்ளவேண்டும்.

ஓசையை அடக்கினாலும் மெய்ப்பாடு அடங்காது. தொல்காப்பியர் வகுத்த எட்டும் இங்கே உள. ஜாக்கியும் ஒன்பதும் ஒருசேர வந்தால் உதட்டோரம் நகை. நான்கும் வெறுஞ்சீட்டாயின் பெருமூச்சில் அழுகை. சீட்டைக் குப்புறப் போடுவதில் இளிவரல். நான்கும் ஒரே இனமாயின் புருவத்தில் மருட்கை. முறை வருமுன்பே பாஸ் சொல்வதில் அச்சம். டீ சொல்லி அனுப்புவதில் பெருமிதம். கலைத்துப் போட்டவரை முறைப்பதில் வெகுளி. கைலியை மடித்துக் கட்டிச் சம்மணத்தைத் திருத்துவதில் உவகை. எட்டையும் மறைப்பவரை மற்றவர் சந்தேகிப்பர். அதுவும் ஒரு சாடையாகிவிடும்.

6. காவல்

பிரிட்ஜ் உலகம் இச்சிக்கலைக் கருவிகளால் தீர்க்க முயன்றது. குரலில் பொருள் ஒளிகிறது என்றதும், கேட்பதை எழுதிய அட்டைகள் கொண்ட பெட்டியை மேசையில் வைத்தது. முகத்தில் ஒளிகிறது என்றதும், கூட்டாளிகளுக்கு நடுவே திரை கட்டியது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் முதன்முதலாகத் திரை கட்டினர். அதே போட்டியில் இத்தாலி ஆட்டக்காரர் இருவர் மேசைக்கு அடியில் காலால் தொட்டுப் பேசியதாகக் கண்டிக்கப்பட்டனர். பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வைத்தனர். கூட்டாளி தயங்கிப் பாஸ் சொன்னால், அத்தயக்கத்தை மற்றவர் பயன்படுத்தக்கூடாது என்பதும் அங்கு விதி.

2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை உலக பிரிட்ஜ் அணிகள் போட்டி சென்னையிலேயே நடந்தது. அதில் பெர்முடா கோப்பைக்கான இறுதியாட்டத்தில் போலந்து ஸ்வீடனை வென்றது. போட்டிக்குச் சற்று முன்புதான் ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர் சிலர் மீது சாடைக் குற்றச்சாட்டு எழுந்தது. சீட்டை நேராக வைப்பதா குறுக்காக வைப்பதா என்பதில்கூடச் செய்தி இருந்ததாகக் கூறினர். இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமலே விலகின. அவ்வாண்டும் கொரட்டூர் மின்ரயிலில் கூட்டாளிகள் இருமிக்கொண்டுதான் இருந்தனர். ஓர் அணியும் விலகவில்லை.

பாடியின் காவல்முறை வேறு. அங்கு திரை இல்லை. சாடையை எதிராளியும் படித்துக்கொள்ளலாம் என்ற பொதுவுரிமை உண்டு. நான்கு பேரும் பதினைந்து ஆண்டு ஒன்றாக ஆடியவர்களாயின், கூட்டாளியின் இருமல் எதிராளிக்கே முதலில் விளங்கும். இம்முறைக்குச் செலவு இல்லை.

7. விசாரணை

கேட்டவர் தம் கைச்சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் துருப்பைக் குறிப்பார். அது எந்த இனம் என்பது கூட்டாளிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் துணை நிற்பதே கூட்டாளியின் கடமை. ஆட்டம் தோற்றபின் அது தமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்வதும் அவர் கடமையே. இங்கேதான் ஊடல் பிறக்கிறது.

விசாரணையின் அமைப்பு மாறாதது. கேட்டவர்: "உன்ன நம்பித்தான்டா கேட்டேன்." கூட்டாளி: "நாந்தான் பாஸ் சொன்னேன்ல மச்சான், அப்பவே புரிய வேணாமா?" மூத்தவரோடு கூட்டாயின், "அண்ணே, நீங்க இஸ்பேட் எறக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்ணே" என்று மரியாதை கூடும்; குற்றம் குறையாது. பின்னால் நின்றவர் இவ்விடத்தில் வாயில் என்னும் பாத்திரம் ஏற்பார். ஆனால் அகத்திணை வாயில்களைப் போல் இவர் ஊடலைத் தணிப்பதில்லை. "ரெண்டு பேர் கையும் பாத்தேன், இருபதே வந்திருக்கும்" என்று கூறி நீட்டிப்பார்.

விசாரணையில் எல்லாச் சீட்டும் தெரிந்திருக்கும். கேட்கும்போது நான்கே தெரியும். தீர்ப்பு எப்போதும் முன்னதை வைத்தே வழங்கப்படுகிறது. நல்ல கேள்வி தோற்பதும் கெட்ட கேள்வி வெல்வதும் இயல்பு என்பதை எவரும் ஏற்பதில்லை.

8. முடிபு

ஆந்திர அரசு தொடர்ந்த வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமையாட்டம் என்றது. அதில் உள்ள தற்செயல், பிரிட்ஜில் சீட்டு விழும்போது உள்ள தற்செயலைப் போன்றதே என்றும் விளக்கியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடவர் இணைப் பிரிவில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றனர். கேட்கும் அறிவு வயதோடு கூடும் என்பதற்கு இது சான்று. வயது மட்டும் போதாது என்பதற்குப் பாடியில் சான்றுகள் மிகுதி.

தொகுத்துக் கூறின்: கேட்கும் எண்ணில் பாதியைச் சீட்டு தீர்மானிக்கிறது, மறுபாதியைச் சென்ற ஆட்டத்தில் வாங்கிய பேச்சு தீர்மானிக்கிறது. அந்த மறுபாதியைக் கழித்துவிட்டுக் கேட்பதே தேர்ச்சி. ஆகவே கற்போர் செய்யத்தக்கவை இரண்டு. எதிராளி சொன்ன எண்ணை மறந்துவிட்டுத் தம் கையை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகும் ஐயம் இருந்தால் பாஸ் சொல்ல வேண்டும். இரண்டரை மாத்திரைக்கு மிகாமல்.