டீக்கடை ஜட்ஜ்

பேகோபுரத் தெரு டீக்கடையில் காலை ஆறரைக்கே பேப்பரைக் கைப்பற்றிவிடுகிறாரே, அவர்தான். காசு கொடுத்து வாங்குவது கடைக்காரர், பிரிப்பது இவர். நமக்கு வரன் பக்கம் மட்டும் கிடைக்கும்.

சத்தமாகத்தான் படிப்பார். சினிமாக்காரர் கேஸ் என்றால் எதிரே பூக்கட்டும் அம்மா வரைக்கும் கேட்கும். ஆனால் ‘கூறப்படுகிறது’ என்ற சொல் மட்டும் அவர் தொண்டையைத் தாண்டாது. ‘அடித்ததாகக் கூறப்படுகிறது’ என்று அச்சில் இருக்கும். அவர் வாயில் ‘அடிச்சான்’. ‘போலீஸ் தரப்பில் தெரிவித்தனர்’ டீயோடு உள்ளே போய்விடும். 2024 ஜூனில் பெங்களூர் கொலை வழக்கில் நடிகர் தர்ஷன் கைதானபோது இரண்டே டீயில் விசாரணை முடிந்தது. ஆகஸ்டில், சிறைக்குள் நாற்காலி போட்டு சிகரெட்டும் கோப்பையுமாக அவர் உட்கார்ந்திருந்த படம் வந்தது. “முழியப் பாத்தியாப்பா? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?” மூன்றாவது டீ.

அந்தக்கால நடிகர் பாகவதர் பேச்சு வந்தால் மட்டும் விழுங்கியதெல்லாம் வெளியே வரும். “கூ...றப்பட்டதுப்பா! நிரூபிக்கல!” 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டது, பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை விழுந்தது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலையானது எல்லாம் தலைகீழ்ப் பாடம். “பேப்பர்காரன் கட்டிவிட்ட கதை” என்பார், பேப்பராலேயே விசிறிக்கொண்டு. ஆதாரம்? மூன்று தீபாவளி ஓடிய ‘ஹரிதாஸ்’ படத்தை அவர் அப்பா பார்த்திருக்கிறார். சாமி பாட்டு பாடுகிற வாய் பொய் சொல்லுமா?

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? கடை டிவியில் ‘கொலையாளி’ என்ற எழுத்து முக்கால் திரைக்கு நிற்கிறது. பக்கத்தில் கேள்விக்குறி, கொசு அளவில்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: “ஐயா, அந்த பெங்களூர் கேஸ்ல செத்தவர் பேர் இன்னா?”

நெற்றியைச் சுருக்கினார். “அவன்தாம்பா... அந்த ரசிகப் பையன்...”

மூன்று மாதம் தினமும் உரக்கப் படித்தவர். செத்தவர் பேர் ரேணுகாசாமி. சித்ரதுர்காக்காரர். மனைவி அப்போது கர்ப்பிணி. லட்சுமிகாந்தன் பெயராவது வழக்கோடு ஒட்டிக்கொண்டதால் தப்பித்தது. இவருடையது ‘தர்ஷன் கேஸ்’ ஆகிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது, சிரிப்பு வரவில்லை.

“பேரெல்லாம் பேப்பர்ல இருக்கும்பா” என்று அடுத்த பக்கம் திருப்பினார் ஜட்ஜ்.

போன மாதப் பேப்பரைக் கிழித்து மாஸ்டர் மசால்வடை கட்டிக்கொண்டிருந்தார்.