நர்ஸை நம்பிய பசுமை

2016-இல் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை வாயாரப் புகழவேண்டும். ஆஸ்பத்திரிக் குப்பையிலிருந்து மண்ணையும் நீரையும் காக்க யாரை நம்பலாம் என்று தேடி, நைட் டூட்டியில் தனியாக நிற்கும் ஸ்டாஃப் நர்ஸைக் கண்டெடுத்தார்களே, அந்தக் கண்ணுக்குத் திருஷ்டி சுற்றிப்போட வேண்டும்!

அவர் ஒரே ஒரு ஊசி போடட்டும். ஆம்ப்யூல் கண்ணாடி நீலப் பெட்டிக்கு. ஊசிமுனை கட்டரில் நறுக்கப்பட்டு வெள்ளை டப்பாவுக்கு. சிரிஞ்ச் சிவப்புக்கு. ரத்தம் துடைத்த பஞ்சு மஞ்சளுக்கு. மேலுறை பொதுக் குப்பைக்கு. அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ட்ரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறும். மூலையில் ஒரு பாட்டி "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவார். பிரித்துத்தான் ஆகவேண்டும், குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைச் சேர்த்துக் கொளுத்தினால் டையாக்சின் கிளம்பும். எத்தனை கட்டில் இருந்தாலும் நிறம் மாறக்கூடாது என்பதில் விதி காட்டும் உறுதி பெரிது. அவருக்குக் கை இரண்டுதான் என்பதை ஒரு பொருட்டாகவே நினைக்காத மனதோ அதைவிடப் பெரிது.

போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்கிறது இந்திய செவிலியர் மன்றம். அந்தக் கணக்கை நடுவில் இழுத்து நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தாத நாகரிகம் இந்த விதிகளுக்கு உண்டு.

கருணைக்கும் குறைவில்லை. ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி-க்கும் தடுப்பூசியே கிடையாது. அவசரத்தில் கழற்றும்போது ஊசி விரலில் ஏறிவிட்டால், எச்.ஐ.வி-யைத் தடுக்க 28 நாள் மாத்திரையும், பரிசோதனை முடிவு வரும்வரை தூக்கமில்லாத இரவுகளும் அவருக்கே முழுச் சொந்தம். அதில் யாரும் பங்குக்கு வருவதில்லை.

எல்லாவற்றையும்விட அழகு, ஜூன் 30-க்குள் அனுப்பவேண்டிய ஆண்டறிக்கை. மஞ்சள் எத்தனை கிலோ, சிவப்பு எத்தனை கிலோ, நீலம் எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் கேட்கிறது. எத்தனை படுக்கை என்று கேட்கிறது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்றும் கேட்கிறது. அத்தனை படுக்கைக்கும் ஒரு ஷிஃப்டில் எத்தனை நர்ஸ் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்காமலே நம்பிவிடும் அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!