ராணி பாக் கல்யானையைத் தொடுதல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரை தொல்காப்பியர் ஆறு துறை வகுத்தார். தொடுதலை ஏனோ விட்டுவிட்டார். உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலேறி, பைகுல்லாவில் இறங்கி, பரீட்சைக்கு முன் சிலையைத் தொட்டுவந்த பிள்ளைகள் நாங்கள். ஏழாம் துறையை நிரப்பும் தகுதி எங்களுக்கு உண்டு.

பைகுல்லாவின் ராணி பாக் தோட்டத்தில் தொட ஆசைவரும் சிலைகள் மூவகைப்படும்.

குதிரை: காலா கோடாவிலிருந்து 1965-இல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஏழாம் எட்வர்டின் வாகனம். பீடம் உயரம், கைக்கு எட்டாது. ஆகவே ஆய்வுக்கும் எட்டாது.

துரை: கார்ன்வாலிஸ் பிரபு. கோட்டைப் பகுதியில் நின்ற காலத்தில் மக்கள் இவரைச் சாமி என்றே கொண்டு பூப்போட்டுக் கும்பிட்டார்கள். இடத்துக்குச் சின்னக் கோயில் என்று பேரும் வைத்தார்கள். இது தெய்வமல்ல என்று அரசாங்கம் எடுத்துச் சொல்லியும் கும்பிடு நிற்கவில்லை. பக்தர்கள் அடிக்குறிப்பு படிப்பதில்லை.

யானை: இதுவே நம் பொருள். கராபுரித் தீவில் நின்ற கல்யானை. தீவுக்குப் போர்த்துக்கீசியர் எலிஃபெண்டா என்று பெயர் வைத்ததே இதைப் பார்த்துத்தான். 1864-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் பளுதூக்கியில் கட்டித் தூக்கினார்கள். பளுதூக்கி தாங்கவில்லை, யானை விழுந்து துண்டு துண்டானது. துண்டுகள் ராணி பாக்குக்கு வந்து, 1914-இல்தான் மறுபடி யானையாயின. ஐம்பதாண்டு சிதறிக் கிடந்து ஒட்டப்பட்ட மூலபாடம்! பதிப்பாசிரியர்களுக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்?

எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதில்தான் பூசல். தும்பிக்கை என்பது மாட்டுங்கா மரபு (வாய்மொழி, சொன்னவர் இரண்டாம் மாடி மாமி). தும்பிக்கை எட்டாத பொடியன்களுக்குக் கால் போதும் என்பது தாராவிப் பாடம் (காண்க: கடலைப் பொட்டலத் தாள், இடப்பக்கம், எண்ணெய் ஊறாத பகுதி). செம்பூரார் இரண்டையும் மறுத்து, ஒட்டுப்போட்ட இடத்தையே தொட வேண்டும், உடைந்தது சேர்ந்த இடத்தில்தான் சக்தி என்பர் (ரயில் பாஸ் உறை, உள்மடிப்பு, மூன்றாம் வரி, நான்காம் வரியை ஜூலை மழை கொண்டுபோயிற்று, அவ்வரிக்கு ஒரு மாமா எழுதிய மறுப்பு, மறுப்புக்கு அவர் மைத்துனர் எழுதிய மறுப்பு, இருவரும் பேச்சை நிறுத்திய பின் மாமி எழுதிய சமாதான உரை ஆகியவையும் நோக்குக). மூலத்தைப் பார்க்காமலே உரைக்கு உரை எழுதும் இவ்வழக்கம் செம்பூருக்கு மட்டும் உரியதென்று யாரும் கருத வேண்டாம். பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

செய்முறையில் சிக்கலில்லை. வெயிலில் காய்ந்த கருங்கல் சுடும். உள்ளங்கையைச் சட்டென்று வைத்து எடுத்து, தூசியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்ள வேண்டும். "செருப்பைக் கழட்டுடா!" என்று அம்மா பின்னாலிருந்து கத்துவது சடங்கின் உறுப்பா, இடைச்செருகலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அயல்நாட்டு ஒப்பீடு இல்லாவிட்டால் கட்டுரையை எவரும் மதிக்க மாட்டார்கள். வத்திக்கானில் பேதுரு சிலையின் வெண்கலப் பாதம் பக்தர் கைபட்டே தேய்ந்துவிட்டது. ஹார்வர்டில் தொட்டுத் தொட்டுப் பளபளக்கும் சிலைக் காலணி ஜான் ஹார்வர்டுடையதே அல்ல. அவர் முகம் யாருக்கும் தெரியாததால் சிற்பி ஒரு மாணவனை உட்கார வைத்துச் செய்தார். அதைத் தொட்டவர்களும் பாஸாகிறார்கள்.

பளுதூக்கியிலிருந்து தன்னையே காப்பாற்றிக்கொள்ளாத யானை நம்மையா காப்பாற்றும் என்று பகுத்தறிவாளர் கேட்பர். அன்று உடையாதிருந்தால் அது இன்று ஏதோ ஓர் ஆங்கிலேய ஊரில் குளிரில் நின்றிருக்கும். விழுந்ததுதான் அதன் அதிர்ஷ்டம்; கணக்கில் விழுந்தும் எழுந்த என் போன்றோருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வாசகர் கவனத்துக்கு: ராணி பாக்குக்குப் புதன்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை பரீட்சை உள்ளவர்கள் செவ்வாயே போய்த் தொட்டுவிடவும்.